கப்பலில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் இழப்பீடு கேட்கிறார், தர வேண்டுமா?

கேள்வி: கரூரில் சிறிய அளவில் ஜவுளி ஏற்றுமதி செய்கிறேன். மே மாத விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மாவுடன் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் நான்கு இரவு க்ரூஸ் போனேன். சென்னை டிராவல்ஸ் ஒன்றில் ரூ.3.80 லட்சம் கட்டினேன். கப்பலில் நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள சாய்வு நாற்காலிகளில் காலை ஆறரைக்கே துண்டு, புத்தகம், ஒற்றைச் செருப்பு என்று எதையாவது வைத்து இடம் பிடித்துவிடுகிறார்கள். ஆள் வர பதினொரு மணி ஆகிறது. 30 நிமிடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் பொருட்களை ஊழியர்கள் எடுத்துவிடுவார்கள் என்று தினமும் அறைக்கு வரும் தாளில் அச்சிட்டிருந்தார்கள். இரண்டு நாள் சொல்லியும் யாரும் எடுக்கவில்லை. கடைசி நாள் முழுக்கக் கடலில்தான். அம்மாவுக்கு மூட்டு வலி, நிற்க முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் பார்த்துவிட்டு, இரண்டு நாற்காலிகளில் இருந்ததை நானே துண்டோடு சுருட்டிப் பக்கத்தில் தரையில் வைத்தேன். பிறகு வந்தவர் (வேறு மாநிலத்துக்காரர், அதே டிராவல்ஸ் குழு) கத்தினார், தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். பாதுகாப்பு ஊழியர்கள் வந்து இருவரிடமும் எழுதி வாங்கினார்கள். இப்போது அவர் வாட்ஸ்அப்பில், இயர்போனும் மின்நூல் கருவியும் ஈரத்தில் கெட்டுவிட்டன, இரண்டு துண்டுகளைத் திருப்பித் தரவில்லை என்று கப்பல் பில்லிலும் பணம் பிடித்துவிட்டார்கள், மொத்தம் ரூ.42,000 தராவிட்டால் திருட்டு, அடிதடி என்று போலீசில் புகார் கொடுப்பேன் என்கிறார். தர வேண்டுமா? கப்பல் கம்பெனி மீது நான் வழக்குப் போட முடியுமா?

பதில்: திருட்டு வழக்கு நிற்காது. ரூ.42,000 முழுவதையும் நீங்கள் தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம் என்று என்னால் எழுத முடியவில்லை. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த நாற்காலி யாருடையது என்பதில் சிக்கல் ஏதும் இல்லை. கப்பல் கம்பெனியுடையது. டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அதைப் பயன்படுத்த அனுமதி உண்டு, அவ்வளவுதான். பயன்படுத்துவது என்றால் அதில் உட்கார்ந்திருப்பது, அல்லது எழுந்துபோய்ச் சீக்கிரம் திரும்பி வருவது. ஆறரைக்குத் துண்டைப் போட்டுவிட்டுப் போய்த் தூங்குகிறவர் நாற்காலியைப் பயன்படுத்தவில்லை. அடுத்தவர் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்கிறார். நம் ஊர்ப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதற்கு எவ்வளவு சட்ட மதிப்போ, அதே மதிப்புதான் இதற்கும். ஊர் வழக்கம் என்று சண்டை போடலாம், நீதிமன்றத்தில் காட்ட முடியாது. போதாக்குறைக்கு அந்தத் துண்டே கம்பெனியுடையது!

இங்கே கம்பெனியின் சொந்த விதியே அவருக்கு எதிராக இருக்கிறது. பெரிய க்ரூஸ் கம்பெனிகள் பலவற்றில் இப்படி ஒரு விதி உண்டு. ராயல் கரீபியனில் 30 நிமிடம். கார்னிவலில் 40 நிமிடம். ஊழியர் ஒருவர் நேரம் குறித்த ஒட்டுச்சீட்டை நாற்காலியில் ஒட்டிவிட்டுப் போவார், 40 நிமிடத்துக்குப் பிறகும் ஆள் இல்லை என்றால் பொருட்களை எடுத்துவிடுவார்கள். ஆகவே, "நான் பிடித்த இடம்" என்பதை வைத்து அவர் உங்களிடம் எதையும் கேட்க முடியாது.

ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கும் தாளின் புகைப்படத்தை இன்னொரு முறை படியுங்கள். பொருட்களை "ஊழியர்கள்" எடுப்பார்கள் என்றுதான் அதில் இருக்கிறது. பயணிகள் எடுக்கலாம் என்று எங்கும் இல்லை. அவருக்கு உரிமை இல்லாமல் போனது உண்மை. அதனால் அவர் சாமான் மீது கை வைக்கும் அதிகாரம் உங்களுக்கு வந்துவிடாது. உங்களுக்கு இருந்த உரிமை கம்பெனியிடம் கேட்பது: "உங்கள் விதியை நீங்களே நடைமுறைப்படுத்துங்கள்" என்று. இரண்டு நாள் அதைத்தான் செய்தீர்கள். மூன்றாவது தடவை ஊழியரைக் கையோடு அழைத்து வந்து எடுக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. அம்மா நிற்க முடியாமல் நிற்கும்போது எனக்கும் அந்தப் பொறுமை இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

திருட்டுக் குற்றச்சாட்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 303-ன்படி திருட்டு என்றால், நேர்மையற்ற முறையில் எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு பொருளை நகர்த்தியிருக்க வேண்டும். எல்லோர் கண்முன்னும், அதே நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் துண்டிலேயே சுருட்டி வைத்தீர்கள். அந்த எண்ணத்தை எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது.

இயர்போன் விவகாரம்தான் உங்கள் பலவீனமான இடம். பிறர் பொருளை ஒருவர் தாமாகக் கையில் எடுத்துவிட்டால், அதை ஓரளவு கவனமாக வைக்கும் பொறுப்பும் அவருக்கு வந்துவிடுகிறது. குளத்தோரத் தரை ஈரமாகத்தான் இருக்கும், யாருக்கும் தெரிந்ததுதான். துண்டைப் பிரித்துப் பார்க்காமல் சுருட்டி ஈரத்தில் வைத்தது கவனக்குறைவு என்று அவர் வாதாடலாம், அந்த வாதத்தில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. வேண்டுமென்றே கெடுத்தீர்கள் என்று அவர் காட்டினால் பிரிவு 324-ன் கீழ்ச் சொத்துச் சேதம் என்றுகூடப் போகலாம். ரூ.20,000 முதல் ஒரு லட்சத்துக்குள் சேதம் என்றால் இரண்டு ஆண்டுவரை தண்டனை விதிக்க அதில் இடமுண்டு. ஆனால் உள்ளே கருவிகள் இருப்பதே தெரியாத ஒருவருக்குக் கெடுக்கும் எண்ணம் இருந்தது என்று நிரூபிப்பது கடினம். ஆகவே இது உரிமையியல் கணக்காகத்தான் முடியும். அதிலும் அவர் மூன்றைக் காட்டியாக வேண்டும்: அந்தக் கருவிகள் அங்கே இருந்தன, உங்களால் கெட்டன, இன்றைய மதிப்பு இவ்வளவு. இரண்டு வருடம் பயன்படுத்திய இயர்போனுக்குப் புது விலை கிடைக்காது. விலையுயர்ந்த பொருளைப் பொது இடத்தில் மணிக்கணக்கில் போட்டுவிட்டுப் போன அவருடைய அலட்சியமும் கணக்கில் கழியும்.

துண்டுக்கான பணம் உங்கள் தலையில் விழாது. குளத்துத் துண்டை அறை அட்டையில் பதிவுசெய்து வாங்குகிறோம், திருப்பித் தராவிட்டால் பில்லில் ஏறும். நீங்கள் துண்டை எடுத்துப் போகவில்லை. தரையில் கிடந்ததை ஊழியர் அழுக்குத் துணிக் கூடையில் போட்டிருப்பார். அதை அவர் கம்பெனியிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கைகலப்பு பற்றி. முதலில் தோளைப் பிடித்துத் தள்ளியது அவர். தள்ளும் கையைத் தட்டிவிடுவது தற்காப்பு. உடலைக் காத்துக்கொள்ளும் உரிமையைப் பிரிவு 34, 35 தருகின்றன. யாருக்கும் காயம் இல்லை. குளத்து மேல்தளத்தில் கேமராக்கள் இருந்திருக்கும், யார் முதலில் கை நீட்டினார் என்பது பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். கப்பல்களில் இந்தப் பதிவுகளை அதிக நாள் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் இன்றே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன தளம், பதிவை அழிக்காமல் வைக்கவும், சம்பவ அறிக்கையின் நகலைத் தரவும் என்று. தருவார்களோ மாட்டார்களோ, கேட்டதற்குச் சான்று உங்களிடம் இருக்க வேண்டும்.

அவர் இங்கே போலீசுக்குப் போனால்? கப்பலின் பின்புறம் "நசாவ்" என்று எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்கள், அப்படியானால் அது பஹாமாஸ் கொடி. நடுக்கடலில் கப்பலில் நடப்பதற்குக் கொடி நாட்டின், அதாவது கப்பல் பதிவாகியுள்ள நாட்டின், சட்டம் என்பது ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 92-ஆவது விதி. மலாக்கா நீரிணையில் வரும்போது மலேசியா, இந்தோனேசியா போன்ற கரையோர நாடுகளின் கடல் எல்லைக்குள் இருந்திருக்கலாம். ஆனால் கடந்துபோகும் கப்பலுக்குள் நடக்கும் இப்படிப்பட்ட சண்டைகளில் கரையோர நாடு பொதுவாகத் தலையிடக் கூடாது என்று அதே உடன்படிக்கையின் 27-ஆவது விதி சொல்கிறது. இவற்றோடு, இந்தியக் குடிமகன் உலகில் எங்கே குற்றம் செய்தாலும் இந்தியச் சட்டத்தில் விசாரிக்கலாம் என்பது நியாய சன்ஹிதாவின் முதல் பிரிவிலேயே இருக்கிறது. ஆக, இரண்டு துண்டுக்குப் பின்னால் இத்தனை நாட்டுச் சட்டம்.

எனவே "அது வெளிநாட்டில் நடந்தது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது" என்று அவருக்குப் பதில் எழுதாதீர்கள், அது தவறு. ஆனால் பெரிய தடை ஒன்று உண்டு. வெளிநாட்டில் நடந்த குற்றத்தை இங்கே நீதிமன்றத்தில் விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 208. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு இணையாக இருந்த 188-ஆவது பிரிவைப் பற்றி 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: காவல்துறை விசாரிக்கத் தடையில்லை, அனுமதி இல்லாமல் அதற்கு மேல் வழக்கை நடத்த முடியாது. சாய்வு நாற்காலிச் சண்டைக்கு அந்த அனுமதி வரும் என்று நான் நம்பவில்லை. நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், அவர் ஏதாவது ஒரு காவல் நிலையத்தில் மனு கொடுப்பார், அங்கிருந்து உங்களை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் எழுத்துப்பூர்வமான அழைப்பாணை கேளுங்கள். மனைவி எடுத்த நேரம் பதிந்த புகைப்படங்களையும், உங்கள் வாக்குமூலத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள். ஸ்டேஷனில் வைத்துப் பணம் பேசி முடிக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இப்போது கம்பெனி. இதில் உங்கள் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது. நாற்காலி கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் வழக்குப் போட்டால் தள்ளுபடி ஆகும். ஆயிரக்கணக்கான பயணிகளுக்கும் ஆளுக்கொரு நாற்காலி தருகிறேன் என்று எந்தக் கப்பலும் சொல்வதில்லை. ஆனால் விதியை அச்சிட்டு அறைக்கு அனுப்பிவிட்டு, இரண்டு முறை புகார் வந்தும் நடைமுறைப்படுத்தவில்லை என்பது வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாட்டுக்குள் இதைக் கொண்டுவரலாம்.

ஜெர்மனியில் இது நடந்திருக்கிறது. கிரீஸ் நாட்டின் ரோட்ஸ் தீவில் விடுமுறைக்குப் போன ஒரு ஜெர்மன் குடும்பம், ஹோட்டல் குளத்து நாற்காலிகளை மற்றவர்கள் துண்டு போட்டுப் பிடித்துவைத்ததாகப் பயண ஏற்பாட்டாளர் மீது வழக்குப் போட்டது. அங்கேயும் 30 நிமிட விதி இருந்தது, யாரும் அமல்படுத்தவில்லை. 2023 டிசம்பரில் ஹனோவர் நீதிமன்றம், புகாருக்குப் பிந்தைய நாட்களுக்கு அன்றாடக் கட்டணத்தில் 15 சதவீதத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. 5,000 யூரோவைத் தாண்டிய பயணத்துக்குக் கிடைத்தது 320 யூரோ சொச்சம். இந்தியாவில் அது நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்தில் காட்டலாம். அந்தக் குடும்பம் யாருடைய துண்டையும் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஏற்பாட்டாளரிடம் புகார் செய்தது, ஒன்றும் நடக்கவில்லை, வழக்குப் போட்டது. உங்கள் முதல் இரண்டு நாள் அந்தக் குடும்பத்தின் நிலைதான். மூன்றாம் நாளைக் கம்பெனியின் வழக்கறிஞர் விடாமல் பிடித்துக்கொள்வார்.

எங்கே போடுவது? டிக்கெட்டோடு வரும் பொடி எழுத்து ஒப்பந்தத்தில் வழக்கை வெளிநாட்டு நீதிமன்றத்தில்தான் போட வேண்டும் என்று இருக்கும். அமெரிக்காவில் இது செல்லும். கார்னிவல் டிக்கெட்டில் ஃப்ளோரிடா நீதிமன்றம் என்று இருந்ததை, நாட்டின் மறுகோடியில் வாஷிங்டன் மாநிலத்தில் வாழ்ந்த ஒரு தம்பதிக்கு எதிராக 1991-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. கப்பலில் வழுக்கி விழுந்து அடிபட்ட வழக்கு அது. இங்கே நுகர்வோர் சட்டம் தரும் வழி மற்றச் சட்டங்களுக்குக் கூடுதலானது என்று பிரிவு 100 சொல்வதால் நமக்கு வாதாட இடம் இருக்கிறது. ஆனாலும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு நோட்டீஸ் கொண்டுசேர்ப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதனால் சென்னை டிராவல்ஸை முதல் எதிர்மனுதாரராகவும் கப்பல் கம்பெனியை இரண்டாவதாகவும் சேருங்கள். "நாங்கள் வெறும் ஏஜென்ட்" என்று டிராவல்ஸ் சொல்லும். பணம் வாங்கிய ரசீது யார் பெயரில், பேக்கேஜ் விளம்பரத்தில் என்ன வாக்குறுதி என்பதை வைத்து அதை எதிர்கொள்ளலாம்.

சென்னைக்கு அலைய வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 34 அனுமதிக்கிறது, ஆகவே கரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. சம்பவ நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். ஆனால் டிக்கெட் ஒப்பந்தத்தில் புகார் அனுப்ப அதைவிடக் குறைந்த நாட்கள் போட்டிருக்கலாம், எனவே எழுத்துப்பூர்வமான புகாரை இந்த வாரமே இரண்டு பேருக்கும் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். முதல் இரண்டு நாள் யாரிடம், எத்தனை மணிக்கு முறையிட்டீர்கள் என்பது அதில் இருக்கட்டும். முன்பதிவின்போது அம்மாவின் மூட்டு வலியைப் படிவத்தில் குறிப்பிட்டிருந்தால் அந்த நகலையும் இணையுங்கள்.

ரூ.3.80 லட்சத்தையும் திருப்பிக் கேட்காதீர்கள். சாப்பிட்டீர்கள், தூங்கினீர்கள், பினாங்கும் புக்கெட்டும் பார்த்தீர்கள். குறைபாடு இருந்த நாட்களுக்கான கட்டணத்தில் ஒரு பகுதி, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, செலவுத் தொகை என்று கேளுங்கள். சில ஆயிரங்கள் கிடைக்கலாம். அதற்காக ஓரிரு வருடம் ஆணையத்துக்கு நடக்க மனம் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பல நேரங்களில் நோட்டீஸ் போனதுமே டிராவல்ஸ்காரர்கள் அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி தருகிறேன் என்று வருவார்கள். ரொக்கமாகக் கேட்டுப் பாருங்கள்.

அந்த நபருக்கு வாட்ஸ்அப்பில் வாக்குவாதம் வேண்டாம். குறிப்பாக "தெரியாமல் கெடுத்துவிட்டேன், மன்னிக்கவும்" என்றோ, "முடிந்ததைப் பார்" என்றோ எழுதிவிடாதீர்கள். ஒரே ஒரு பதில் போதும்: "நீங்கள் சொல்லும் சேதத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கருவிகள் வாங்கிய ரசீது, பழுதுபார்ப்பு நிலையத்தின் அறிக்கை, கப்பலில் கொடுத்த புகாரின் நகல் ஆகியவற்றை அனுப்பினால் பரிசீலிக்கிறேன். கைகலப்பைத் தொடங்கியது நீங்கள் என்பதற்கான சான்றுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறேன்." அவர் எதையும் அனுப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உண்மையான ரசீதும் அறிக்கையும் வந்தால், தேய்மானம் கழித்து, அவருடைய அலட்சியத்துக்கும் ஒரு பங்கு கழித்து, மிச்சத்தில் ஒரு தொகைக்குப் பேசி முடிப்பது நீதிமன்றம் போவதைவிட மலிவு. கொடுக்கும்போது, பொறுப்பை ஏற்காமல் நல்லெண்ணத்துக்காகத் தரப்படுகிறது, இனி இரு தரப்புக்கும் கோரிக்கை எதுவும் இல்லை, புகார் கொடுத்திருந்தால் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள்.