தோட்டா விலையைக் கேட்டுவிட்டு பிஸ்டலைப் பாருங்கள்

கேள்வி: கிளப்பில் சேர்ந்து அவர்களுடைய துப்பாக்கியிலேயே பழகிவிட்டேன். உரிமமும் வந்துவிட்டது. மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போய் அட்டையில் சுட்டுவிட்டு வருவேன், அவ்வளவுதான், போட்டி கீட்டி என்று எந்த எண்ணமும் இல்லை. புதிது வாங்க வசதியில்லை. பழையதில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று போலீஸ் துறை கழித்துவிட்ட 9 மி.மீ., இன்னொன்று வெளிப்பூச்சு தேய்ந்த ஒரு .22 (அங்குலக் கணக்கில் குழல் அளவு). இதில் 9 மி.மீ.தான் விலை குறைவு. எதை எடுக்கலாம்?

பதில்: .22-ஐ எடுங்கள். பிஸ்டலுக்கு ஒருமுறை காசு கொடுக்கிறீர்கள், தோட்டாவுக்கு ஒவ்வொரு மாதமும் கொடுக்கப் போகிறீர்கள். ஒரு தடவைக்கு 100 சுட்டாலே வருடத்துக்கு 1,200 ஆகிறது, 9 மி.மீ. தோட்டாவுக்கும் .22-க்கும் விலை வித்தியாசம் மடங்குக் கணக்கில் இருக்கும், அதனால் இன்று வாங்கும்போது மிச்சம் பிடித்தது கொஞ்ச நாளில் தோட்டாப் பெட்டிகளாகக் கரைந்துவிடும். அப்புறம் என்ன நடக்கும் என்றால், செலவை நினைத்து 100-ஐ 30 ஆக்குவீர்கள், பிறகு ரேஞ்சுக்குப் போவதையே தள்ளிப்போடுவீர்கள்.

உதைப்பும் ஒரு விஷயம். .22-இன் குண்டு சுமார் 2.6 கிராம், 9 மி.மீ. குண்டு ஏழரை, எட்டு கிராம். தினம் சுடுகிறவருக்கு அது பழகிவிடும். எப்போதாவது சுடுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் முதல் நாள் மாதிரிதான், வெடிக்கப் போகிறது என்று தெரிந்தே டிரிக்கரை இழுக்கும் அந்த நொடியில் கை தானாகக் கீழே இறங்கும், குண்டு அட்டையின் கீழ் ஓரத்தில் போய் விழும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கஷ்டம்.

போலீஸ் கழித்த துப்பாக்கி மோசம் என்று சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உறையில் போட்டு எடுத்து எடுத்து வெளியே பூச்சு போயிருக்குமே தவிர, உள்ளே அதிகம் சுடப்படாமலே இருந்திருக்கும். பெரும்பாலானவை வருடத்தில் சில பயிற்சி நாட்களில் மட்டும் சுட்டவை. ஸ்லைடுக்குள் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இருக்கும், உதைப்பைத் தாங்கும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றினால் (விலை அதிகமில்லை) இன்னும் பல ஆயிரம் தோட்டா தாங்கும். .22 தோட்டாவைவிட 9 மி.மீ. தோட்டா நம்பகமானதும்கூட. .22-இல் வெடிமருந்தைத் தீமூட்டும் கலவை அடிவிளிம்புக்குள் இருப்பதால் பத்துப் பெட்டியில் ஓரிரண்டு வெடிக்காமல் போவது சகஜம், புகைக்கரியும் அதிகம். ஆனால் நீங்கள் கேட்பது பொழுதுபோக்குக்கு. தோட்டா ஒன்று வெடிக்கவில்லை என்றால் அரை நிமிடம் குழலை இலக்குப் பக்கமே வைத்துக் காத்திருந்துவிட்டு வெளியே எடுத்துப்போடுங்கள், வேறு நஷ்டமில்லை.

எந்த .22 என்று நீங்கள் எழுதவில்லை. பழைய சந்தையில் அடிக்கடி வருவது ரூகர் மார்க் வரிசை. 1949-இல் அந்த நிறுவனம் ஆரம்பித்ததே இந்த வகைப் பிஸ்டலில்தான், மார்க் 2 வந்தது 1982-இல். எடை அதிகம், குழல் சட்டத்தோடு நிலையாக இருக்கும், எளிதில் கெடாது. ஒரே தொல்லை, கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப மாட்டுவது. மார்க் 2, மார்க் 3 இரண்டிலும் அது பொறுமையைச் சோதிக்கும். 2016-இல் வந்த மார்க் 4-இல் ஒரு பொத்தானை அழுத்தினால் பிரிந்துவிடும். ஆனால் அந்த மார்க் 4 கிடைத்தால் முதலில் எண்ணைப் பாருங்கள்: 2017 ஜூன் மாதத்துக்கு முன் தயாரானவற்றை நிறுவனமே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. சேஃப்டி லீவர் பாதியில் நிற்கும்போது டிரிக்கரை இழுத்துவிட்டால், பிறகு லீவரைச் சுடும் நிலைக்குத் தள்ளும்போது தானாக வெடிக்கக்கூடிய கோளாறு. சரிசெய்யப்பட்டதா இல்லையா என்று விற்பவரைக் கேட்டு நம்பாமல், துப்பாக்கி எண்ணை வைத்து நிறுவனத்திடமே விசாரியுங்கள். பிரவுனிங் பக் மார்க் இன்னொரு நல்ல தேர்வு, 1985-இலிருந்து வருகிறது, டிரிக்கர் இழுத்தால் தடங்கலில்லாமல் சட்டென்று விடும். எதுவானாலும் நாலு பேர் வைத்திருக்கிற மாடலாக இருக்கட்டும். யாரும் கேள்விப்படாத பெயர் என்றால் மேகசினுக்கே (தோட்டாக்களை அடுக்கி உள்ளே செருகும் கூடு) அலைய வேண்டிவரும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது முதல் வேலை மேகசினைக் கழற்றி, ஸ்லைடையோ போல்ட்டையோ (சில பிஸ்டல்களில் ஸ்லைடுக்குப் பதில் உள்ளே நகரும் துண்டு) பின்னால் இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் எதுவும் இல்லை என்று கண்ணால் பார்ப்பது. விற்பவர் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் நீங்களும் பாருங்கள், இதில் கோபித்துக்கொள்கிறவரிடம் வாங்க வேண்டாம். அப்புறம் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். சுருளாக ஓடும் உள்வரிகள் கூர்மையாக இருக்க வேண்டும், துருப்பிடித்துச் சொட்டைகள் விழுந்திருக்கக் கூடாது. நடுவில் எங்கேயாவது கருப்பு வளையம் மாதிரி நிழல் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு குண்டு உள்ளே சிக்கி நின்றபோது பின்னாலேயே அடுத்ததைச் சுட்டிருக்கிறார்கள், குழல் உப்பியிருக்கிறது, எவ்வளவு குறைத்தாலும் அது வேண்டாம். குழலின் வாய் விளிம்பும் முக்கியம். முன்பக்கமாக இரும்புக் கம்பி விட்டுத் துடைத்துத் துடைத்து அதைக் கெடுத்து வைப்பவர்கள் உண்டு, அங்கே சிறு தேய்மானம் இருந்தால்கூடக் குறி சிதறும்.

.22-இல் தனியாக ஒன்று பார்க்க வேண்டும். தோட்டா இல்லாமல் சும்மா டிரிக்கரை இழுத்து விளையாடியவர்கள் கையில் இருந்ததா என்பது. பல .22-களில் அப்போது ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி) நேராக அறையின் விளிம்பில் போய் அடிக்கும், அங்கே சின்னப் பள்ளம் விழும், பிறகு சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வராமல் ஒட்டும். விளிம்பில் நகத்தை ஓட்டினாலே தெரிந்துவிடும். இதே காரணத்துக்காக, உரிமையாளரைக் கேட்காமல் நீங்களும் டிரிக்கரை இழுக்காதீர்கள். மேகசினின் வாயிதழ்கள் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், தோட்டா சரியாக ஏறாத பழைய பிஸ்டல்களில் பாதிக்கு மேகசின்தான் குற்றவாளி என்பேன். இரண்டு மேகசினாவது சேர்த்துக் கேளுங்கள், பேரத்தில் விலையைக் குறைப்பதைவிட அதுதான் லாபம்.

வெளிப்பூச்சு தேய்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் மட்டும் யோசியுங்கள், யாரோ தெரியாத்தனமாக உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வாங்கும் முன் ரேஞ்சில் ஒரு பெட்டி சுட்டுப் பார்க்க வழியிருந்தால் சுட்டுவிடுங்கள். உரிமத்தில் உங்கள் பெயருக்கு முறைப்படி மாற்றிய பிறகுதான் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும், “அப்புறம் எழுதிக்கொள்ளலாம்” என்பவரிடம் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: ராணுவத்தில் கழித்த மக்காரோவ் ஒன்று மிக மலிவாக வருகிறது. அதுவும் 9 மி.மீ.தானே, தோட்டா எங்கும் கிடைக்கும் அல்லவா?

பதில்: கிடைக்காது, அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். மக்காரோவ் சுடுவது 9×18 (பின்னால் வரும் எண் தோட்டாக் கூட்டின் நீளம், மி.மீ.-இல்), ஊரெல்லாம் கிடைப்பது 9×19. பெயரில் ஒன்பது இருந்தாலும் மக்காரோவ் குண்டு கொஞ்சம் பருமனானது, தோட்டாவின் கூடு குட்டை, ஒன்றுக்கு இன்னொன்று ஆகாது. 1951-இல் சோவியத் ராணுவம் ஏற்ற பிஸ்டல் அது, உறுதியில் குறை சொல்ல முடியாது, உள்ளே உதிரிகளும் மிகக் குறைவு. உங்கள் பக்கம் 9×18 தோட்டா தொடர்ந்து கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள், கிடைத்தால் வாங்கலாம். பழைய ராணுவத் தோட்டாவைச் சுடுவதானால் அதன் பிரைமரில் (வெடிமருந்தைத் தீமூட்டும் அடிப்பகுதி) உப்பு விடும் ரசாயனம் இருக்கலாம், குழலில் துரு ஏறிவிடும். சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு போகாது.

கேள்வி: பழைய ரிவால்வர் என்றால் ஏமாற வாய்ப்பு குறைவு என்கிறார்கள், உண்மையா?

பதில்: பார்ப்பது எளிது, சரிசெய்வது கடினம். காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியல் போன்ற பாகம்) மெதுவாக இழுத்து, உருளை ஒவ்வொரு அறைக்கும் சரியாகப் பூட்டி நிற்கிறதா என்று எல்லா அறைகளுக்கும் பாருங்கள். பூட்டிய பிறகு லேசான அசைவு இருக்கும், தாராளமாக ஆடினால் வேண்டாம். உருளையை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், அப்போதும் தாராளமாக ஆடக் கூடாது, குழலின் பின்வாயில் விரிசல் உண்டா என்றும் பாருங்கள். சினிமாவில் செய்வதுபோல் மணிக்கட்டை உதறி உருளையை மூடியவர் கையில் இருந்தது என்றால் உருளையைத் தாங்கும் இரும்புக் கை வளைந்திருக்கும், நேர்செய்ய நல்ல தொழிலாளி வேண்டும்.

கேள்வி: நெருப்புத் துப்பாக்கிக்கான நடைமுறையே வேண்டாம் என்று ஏர் பிஸ்டல் பார்க்கிறேன். பழையது வாங்கலாமா?

பதில்: தாராளமாக. எப்போதாவது சுடுகிறவருக்கு இதைவிடச் சிக்கனம் கிடையாது, 10 மீட்டர் இடமிருந்தால் போதும். உரிமம் தேவையா என்பது சக்தியைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். அழுத்தக் காற்று சிலிண்டர் உள்ள மாடல் என்றால் சிலிண்டரில் தேதி பொறித்திருக்கும். போட்டிகளில் அதற்குப் பத்து வருடம்தான் ஆயுள், அதற்கு மேல் ஆனதென்றால் புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். ஒவ்வொரு முறையும் லீவரைக் கையால் அழுத்திக் காற்றேற்றும் பழைய வகையில் சிலிண்டரே இல்லை, சீல் காய்ந்திருந்தால் மாற்றினால் சரி. சிறுவர்கள் சுடப் போகிறார்கள் என்றால் அந்த லீவரை அழுத்தும் பலம் அவர்கள் கைக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: .22-தானே, சத்தம் குறைவு. காதுக்கு எதுவும் வேண்டுமா?

பதில்: வேண்டும். .22 பிஸ்டலே 140 டெசிபலைத் தாண்டும், ஒரே ஒரு வெடி காதுக்குள் சேதம் செய்யப் போதுமான அளவு அது. காதடைப்பான், கண்ணாடி இரண்டுக்கும் பணத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு மீதியில் பிஸ்டல் தேடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும், ஈயத் தூள் விரலில் இருக்கும்.