பீட்சா அடுப்புக்குச் சாதா சிமென்ட் கலவை போதுமா?

வணக்கம். தோட்டத்தில் ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) வைத்துக் குவிமாட அடுப்பு கட்ட, வழக்கமான சிமென்ட் மணல் கலவையே போதும் என்று கொத்தனார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அடிப்பீடத்துக்குப் போதும். தீ படும் இடத்துக்கு வேண்டவே வேண்டாம். பீட்சா சுடும்போது உட்பக்கம் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிமென்டின் பிடிப்பு அதற்கு முன்பே தளர ஆரம்பித்துவிடும்; இணைப்பு பொடிப்பொடியாக உதிர்ந்து பீட்சா மேலேயே விழும்.

கடையில் ஃபயர் கிளே மார்ட்டர் (சூடு தாங்கும் களிமண் கலந்த பூச்சுக் கலவை) என்று மூட்டையாகத் தருவார்கள். அது எப்படி இறுகும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தொழிற்சாலை உலைகளுக்கான சில வகைகள் 1000 டிகிரி வாக்கில்தான் கெட்டிப்படும். வீட்டு அடுப்பில் அவை கடைசிவரை வெறும் மண்தான். சோடியம் சிலிகேட் சேர்ந்தவை காற்றிலேயே இறுகும், ஆனால் மழை ஈரத்தில் இளகக்கூடும். உங்களுடையது திறந்தவெளி என்பதால் கால்சியம் அலுமினேட் சிமென்ட் (சாதா சிமென்ட் அல்ல, சூடு தாங்கும் தனி வகை) சேர்ந்த கலவையைத்தான் சொல்வேன். விலை கூடுதல்தான்.

கட்டுப்படியாகவில்லையா? நீங்களே கலந்துகொள்ளலாம்: சலித்த நைஸ் மணல் 3 பங்கு, சிமென்ட், நீர்த்த சுண்ணாம்பு, ஃபயர் கிளே தலா 1 பங்கு. சிமென்ட் இதில் ஆரம்பப் பிடிப்புக்கு மட்டுமே; சூட்டில் அது தளர்ந்தபின் சுண்ணாம்பும் களிமண்ணும் தாங்கிக்கொள்ளும். கையுறை கட்டாயம், சுண்ணாம்பு தோலை அரித்துவிடும்.

கல்லை நனைத்து வையுங்கள். உட்பக்க இணைப்பு எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது. அடுப்பின் தரைக் கற்களுக்குக் கலவையே வேண்டாம், நெருக்கி அடுக்கினால் போதும். உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். அப்புறம், கட்டி ஒரு வாரமாவது ஈரம் காயவிட்டு, சில நாட்கள் சின்னத் தீயாகவே மூட்டிப் படிப்படியாகச் சூட்டைக் கூட்டுங்கள்.