அத்தைக்கும் ஒரு நாற்காலி

கேள்வி: என் தம்பி ஆக்லாந்தில் இருக்கிறான். அவன் மகனுக்கு 15 வயது. கூட்டாளிகள் இரண்டு பேரோடு சேர்ந்து ராத்திரியில் ஒரு சின்னக் கடையின் கண்ணாடியை உடைத்து சிகரெட் எடுத்துவிட்டான். போலீஸிடம் அவனே ஒத்துக்கொண்டான். இப்போது ‘ஃபேமிலி குரூப் கான்ஃபரன்ஸ்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள், கடைக்காரரும் வருவாராம். தம்பி அவமானத்தில் சாப்பிடாமல் கிடக்கிறான், வக்கீல் வைத்து கேஸை உடைத்துவிடலாமா என்கிறான். பையனை எட்டு வயது வரை வளர்த்தவள் நான், வீடியோவில் வந்து பேசச் சொல்கிறார்கள். இது நம்ம ஊர் பஞ்சாயத்து மாதிரிதானா?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் தம்பியைச் சாப்பிடச் சொல்லுங்கள், சகோதரி.

பஞ்சாயத்தா என்றால், எல்லோரும் கூடி உட்காருவது மட்டும்தான் ஒற்றுமை. நம்ம பக்கம் பெரிய மனுஷர் ஒருவர் தீர்ப்பு சொல்வார், அபராதத்தைக் கட்டிவிட்டு காலில் விழுந்து எழுந்து வர வேண்டியதுதான். இதில் தீர்ப்பு சொல்ல ஆளே கிடையாது. கூட்டத்தைக் கூட்ட ஓர் ஒருங்கிணைப்பாளர், போலீஸ் தரப்பில் ஒருவர், கடைக்காரர், குடும்பத்தார். கடைக்காரர் துணைக்கு ஆள் கூட்டி வரலாம், வர மனசில்லை என்றால் தன் மனதில் இருப்பதை எழுதி அனுப்பலாம். நடந்ததைப் பேசி முடித்த பிறகு மற்றவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள், நீங்கள் குடும்பமாகத் தனியே உட்கார்ந்து பையன் இதை எப்படிச் சரிக்கட்டப் போகிறான் என்று திட்டம் போட வேண்டும். எனக்கு இந்த முறையில் பிடித்ததே அந்தத் தனி நேரம்தான். கோபம், அழுகை, ‘நீ செல்லம் கொடுத்ததுதான்’ எல்லாம் அங்கேதான் வெளியே வரும், வரட்டும்.

இது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்து வந்தது. அவர்கள் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து விடுதிகளில் கொண்டுபோய் வைத்த அரசின் போக்கை மாவோரிகள் எதிர்த்தார்கள், 1988-இல் வெளிவந்த ஓர் அறிக்கை நிர்வாகத்தையே வெளுத்து வாங்கியது, மறு வருஷம் 1989-இல் சட்டம் வந்தது. அவர்கள் ‘ஃபானாவ்’ என்று சொல்லும் குடும்பத்தில் அப்பா அம்மாவோடு தாத்தா, பாட்டி, அத்தை, மாமா எல்லோரும் சேர்த்தி. திருச்சியில் இருக்கிற அத்தைக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது அதனால்தான்.

வக்கீல் விஷயம். கேஸ் அங்குள்ள இளையோர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் பையனுக்கென்று ஒரு வக்கீலை நீதிமன்றமே போட்டுத் தரும், தம்பி அவரிடம் தாராளமாக எல்லாம் கேட்கட்டும். ஆனால் ஒத்துக்கொண்ட ஒன்றை உடைக்கப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டத்தில் ஒப்புக்கொண்ட திட்டத்தை முழுசாக முடித்தால், வழக்கே போடாத மாதிரி பையனை விடுவிக்க நீதிபதிக்கு அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதைவிட நல்ல வழி எந்த வக்கீல் வாங்கித் தரப் போகிறார்?

உண்மையில் எனக்குக் கவலை உங்கள் தம்பியை நினைத்துத்தான். நம்ம வீட்டு அப்பாக்கள் வாயைத் திறந்தால் ‘பையன் தங்கம் சார், சேர்க்கை சரியில்லை’ என்று தொடங்குவார்கள், இல்லையென்றால் எல்லோர் முன்னாலும் கை ஓங்குவார்கள். கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி அள்ளி, மறுநாள் ராத்திரி கதவுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போட்டு எழுந்த மனுஷருக்கு இந்த இரண்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருக்குப் பையன் வாயிலிருந்து பதில் வேண்டும். திக்கித் திணறினாலும் அவனே பேசட்டும், அந்த ஐந்து நிமிஷ மௌனத்தை அப்பா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மன்னிப்புக் கடிதத்தையும் அவனே எழுதட்டும். கண்ணாடிக்கான பணத்தை அப்பா முழுசாகக் கட்டிவிட்டால் பையனுக்கு அதில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும், அவன் வேலை செய்து கழிக்கிற மாதிரி ஒரு பங்காவது திட்டத்தில் இருக்கட்டும்.

நீங்கள் என்ன பேச? புத்திமதி வேண்டாம், அதற்கு அங்கே ஆள் இருக்கும். எட்டு வயது வரை அவன் எப்படி இருந்தான், உங்களை விட்டுப் போன பிறகு போனில் பேசுவது எப்போது குறைந்தது, அதைச் சொல்லுங்கள்.

அப்புறம், கூட்டத்தின் நேரத்தைக் குடும்பத்தைக் கேட்டுத்தான் வைப்பார்கள். அங்கே காலை பத்து மணி என்றால் உங்களுக்கு விடிகாலை மூன்றரை, அவர்கள் கோடைக்காலத்தில் இரண்டரை. சாயங்காலம் வைக்கச் சொல்லித் தம்பியை இப்போதே கேட்கச் சொல்லுங்கள்.