கணவரின் ராணுவ விடுவிப்பு ஆவணம்: இன்னும் காலம் இருக்கிறது

சகோதரி, ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியபின் உங்கள் கணவர் கஞ்சாச் சோதனையில் சிக்கி, 2013இல் அமெரிக்கத் தரைப்படையிலிருந்து "கண்ணியமானதல்லாத" (Other Than Honorable) தரத்தில் வெளியேற்றப்பட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதத்தில் அந்தத் தரம் தானாக மாறிவிடும் என்று யாரோ சொன்னது தவறு. விண்ணப்பித்தால்தான் மாறும்.

விடுவிப்புத் தரத்தை மறுபடி பார்க்கும் விடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்கு, வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்குள், அதாவது 2028இல் அதே தேதிக்குள், டிடி 293 (DD 293) படிவம் போக வேண்டும். அது தவறினாலும் டிடி 149 (DD 149) படிவம் வழியாக ராணுவப் பதிவுகளைத் திருத்தும் வாரியத்தை அணுகலாம். ஆனால் முதல் வழியை விட்டுவிடாதீர்கள்.

போரிலிருந்து வந்தபின் தூக்கமில்லை, திடுக்கிட்டு எழுவார் என்கிறீர்களே, வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 2017இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட, குர்டா என்ற அதிகாரியின் பெயரால் அறியப்படும் வழிகாட்டுதல், போர் அதிர்ச்சி போன்ற மனநலப் பாதிப்பு உள்ளவர்களின் மனுவைத் தாராளமாகப் பரிசீலிக்கச் சொல்கிறது. பாதிப்பு இருந்ததா, பணிக்காலத்தில் ஏற்பட்டதா, அந்தத் தவறை மன்னிக்கவோ குறைத்துப் பார்க்கவோ அது காரணமாகிறதா, தவறைவிட அது கனமானதா என்று வாரியம் பார்க்கும். பழைய கஞ்சாக் குற்றத்தை இன்று சற்று இலகுவாகப் பார்க்கலாம் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி எழுதினால் எடுபடாது.

மருத்துவர் கடிதத்தோடு உங்கள் வாக்குமூலமும் சேரட்டும். மனைவி சொல்வதும் சான்றுதான். போவதற்கு முன் எப்படி இருந்தார், வந்தபின் என்ன மாறியது என்று தேதியோடு எழுதுங்கள். அப்புறம், செயின்ட் லூயிஸில் உள்ள அமெரிக்க அரசின் தேசியப் பணியாளர் ஆவண மையத்திலிருந்து அவருடைய ராணுவப் பணிக் கோப்பு முழுவதையும் முதலில் வரவழையுங்கள். அதைப் படிக்காமல் படிவத்தை அனுப்ப வேண்டாம்.