சீனத் துணியில் தைத்த டி-ஷர்ட் எந்த நாட்டுச் சரக்கு?

கேள்வி: திருப்பூரில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். சீனாவிலிருந்து வரும் பாலியஸ்டர் பின்னல் துணியை வாங்கி, இங்கேயே கட்டிங், ஸ்டிட்சிங் முடித்து டி-ஷர்ட்டாக அமெரிக்காவுக்கு அனுப்ப ஆர்டர் வந்திருக்கிறது. 'மேட் இன் இந்தியா' லேபிள் போடலாமா? கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் என் மச்சான், "துணி சீனாவுது, அப்புறம் எப்படிங்க இந்தியான்னு போடுவீங்க?" என்கிறார். யார் சொல்வது சரி? இதே சரக்கை துபாய்க்கு அனுப்பினால் வரிச்சலுகை கிடைக்குமா?

பதில்: உங்கள் டி-ஷர்ட்டுக்கு அமெரிக்கச் சட்டப்படி இந்தியாதான் பிறப்பிடம். லேபிள் போடலாம், போட்டே ஆக வேண்டும். உங்கள் மச்சான் சொல்வதும் அவருடைய சரக்குக்குச் சரிதான்.

விளைந்த மஞ்சள், பறித்த தேங்காய் போல முழுக்க ஒரே நாட்டில் உருவான பொருளுக்குச் சிக்கலே இல்லை. பல நாடுகளின் கை பட்ட பொருளுக்கு, கடைசியாக எங்கே அது கணிசமாக உருமாறியது என்று சட்டம் பார்க்கிறது. எங்கே வாங்கினோம், எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறியது, யார் இன்வாய்ஸ் போட்டார்கள் என்பதெல்லாம் பிறப்பிடத்தைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் எதை 'கணிசமான உருமாற்றம்' என்று ஏற்பது என்பதை, வாங்கும் நாட்டின் சட்டம்தான் சொல்லும். குழப்பமெல்லாம் இங்கேதான் பிறக்கிறது.

அமெரிக்கா ஜவுளிக்கென்று தனி விதி வைத்திருக்கிறது. 1996 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. துண்டுகளாக வெட்டித் தைக்கும் ஆடை என்றால், எல்லாத் துண்டுகளையும் எந்த நாட்டில் இணைத்துத் தைத்தார்களோ அதுவே பிறப்பிடம். துணி சீனாவுடையதாக இருக்கலாம், வெட்டியதுகூட வேறு நாடாக இருக்கலாம். முழுத் தையலும் திருப்பூரில் நடந்தால் அது இந்தியச் சரக்கு. மெஷினிலேயே உருவத்தோடு பின்னி வரும் ஸ்வெட்டர் போன்றவற்றுக்கு மட்டும் பின்னிய நாடு.

பெட்ஷீட், தலையணை உறை, கிச்சன் டவல், கைக்குட்டை ஆகியவற்றுக்கு அதே சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. இவற்றில் தையல் வேலை குறைவு; துணியை அளவாக வெட்டி ஓரம் அடித்தால் முடிந்தது. அதனால் துணி எங்கே நெய்யப்பட்டதோ அந்த நாடுதான் பிறப்பிடம். சீனத்துப் பருத்தித் துணியைக் கரூரில் வெட்டி, ஓரம் தைத்து, பேக் செய்து அனுப்பினாலும் அமெரிக்கக் கஸ்டம்ஸுக்கு அது சீனச் சரக்கே. பருத்தித் துணியாக இருந்தால், இங்கே சாயம் போட்டு பிரிண்ட் செய்தாலும் மாறாது. ஆக ஒரே பேல் துணியை நீங்களும் மச்சானும் பாதிப்பாதி எடுத்துக்கொண்டால், உங்கள் பாதி இந்தியா, அவர் பாதி சீனா! கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் சட்டம் அதுதான்.

தவறான நாட்டைப் போட்டால் அமெரிக்க இறக்குமதியாளருக்கு 10 சதவீதம் கூடுதல் தீர்வை விழக்கூடும். அது கடைசியில் உங்கள் பில்லில்தான் கழியும். சந்தேகம் இருந்தால், ஆர்டரை உறுதி செய்வதற்கு முன்பே அமெரிக்கக் கஸ்டம்ஸிடம் எழுத்துப்பூர்வமான தீர்ப்பு வாங்கச் சொல்லி பையரிடம் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பழைய தீர்ப்புகளையும் இணையத்தில் எல்லாரும் தேடிப் படிக்கலாம்; எச்.எஸ். கோடு (உலக நாடுகள் சரக்கை வகைப்படுத்தும் எண்) போட்டுத் தேடினால் உங்கள் சரக்கைப் போலவே ஒன்று அநேகமாகக் கிடைக்கும்.

இன்னொன்று. நாளைக்குப் பருத்தித் துணிக்கு மாறினால் கவனம் தேவை. சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பருத்தி கலந்திருந்தால், கட்டாய உழைப்புத் தடைச் சட்டப்படி, இந்தியாவில் தைத்த சட்டையையும் 2022 ஜூன் முதல் அமெரிக்கா தடுத்து நிறுத்தலாம். பிறப்பிடம் இந்தியா என்பது அங்கே காப்பாற்றாது. பஞ்சு எங்கிருந்து வந்தது என்பது வரை காகிதம் கேட்பார்கள்.

சரி, துபாய். இது முற்றிலும் வேறு கணக்கு. ஐக்கிய அரபு அமீரகத்தோடு நமக்குள்ள வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் அமலில் இருக்கிறது. சலுகை வேண்டுமென்றால், அதன் பொருள்வாரி விதிப் பட்டியலில் டி-ஷர்ட்டுக்கான 6109 என்ற எச்.எஸ். எண்ணுக்கு எதிரே உள்ள நிபந்தனையை உங்கள் டி-ஷர்ட் நிறைவேற்ற வேண்டும். லேபிளில் இந்தியா என்று இருப்பது போதாது. சில ஒப்பந்தங்கள் துணியிலிருந்து தைத்தால் போதும் என்கின்றன. சில நூலிலிருந்தே தொடங்க வேண்டும் என்கின்றன. சில ஒப்பந்தங்கள் மதிப்புக்கூட்டலையும் கணக்கில் எடுக்கின்றன. உதாரணத்துக்கு, ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகள்) ஒப்பந்தத்தின் பொது விதி, எச்.எஸ். கோடு ஆறு இலக்க அளவில் மாற வேண்டும், அதோடு எப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 35 சதவீதமாவது ஒப்பந்த நாடுகளுக்குள்ளே கூடியிருக்க வேண்டும் என்பது. உங்கள் பீஸ் எப்.ஓ.பி. 400 ரூபாய், அதில் சீனத் துணி 180 ரூபாய் என்றால், மீதி 220 ரூபாய். அதாவது 55 சதவீதம். அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள். அயனிங், செக்கிங், பேக்கிங், லேபிள் மாற்றுவது இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஒப்பந்தத்திலும் பிறப்பிடம் கோர முடியாது.

என் கருத்தைச் சொல்கிறேன்: சலுகை நாடுகளுக்கு அனுப்பும் ஆர்டர்களுக்கு முடிந்தவரை நம் பக்கத்து மில் நூலை வாங்கி, இங்கேயே நிட்டிங் போடுங்கள். கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலானாலும், எவ்வளவு கடுமையான விதி என்றாலும் பயமில்லாமல் கையெழுத்துப் போடலாம்.

சான்றிதழும் இரண்டு வகை. அமெரிக்காவுக்குச் சலுகை இல்லாத சாதாரணப் பிறப்பிடச் சான்று போதும். அமீரகத்துக்குச் சலுகைக்கான சான்று வேண்டும். இரண்டுக்குமே வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். துணியின் பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸில் கொடுத்த இறக்குமதி ஆவணம்), கட்டிங் கணக்கு, ஜாப் ஒர்க் கொடுத்த டெலிவரி சலான், பீஸ் வாரியான காஸ்ட் ஷீட் எல்லாவற்றையும் ஆர்டர் வாரியாகக் கட்டி ஐந்து வருடமாவது வையுங்கள். சான்று கொடுத்த பிறகும் அந்த நாட்டுக் கஸ்டம்ஸ் திரும்பக் கேள்வி கேட்கலாம். சீனத் துணியையும் உள்ளூர்த் துணியையும் ஒரே ரேக்கில் கலந்து அடுக்காதீர்கள். லாட் நம்பர் எழுதித் தனியாக வையுங்கள். கலந்துவிட்டால் எந்த பீஸ் எந்தத் துணி என்று உங்களாலேயே நிரூபிக்க முடியாது.