எந்தக் கேலன்? கேலன், லிட்டர் கணக்கில் வந்த கேள்விகளும் பதில்களும்

எல்லாப் பதில்களிலும் வரப்போகிற இரண்டு எண்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். இங்கிலாந்தின் இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர். தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் வைப்பது என்றுதான் பலரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 3.785க்குப் பதில் 3.8 என்று போட்டால் பிழை அரை சதவீதம்கூட வராது. கேலனையே மாற்றி எடுத்தால் 20 சதவீதம் போய்விடும்.

கேள்வி: ஒரே பெயரில் எதற்கு இரண்டு அளவு? யார் மாற்றினார்கள்?

மாற்றியது பிரிட்டன். ஒயினுக்கு ஒன்று, ஏல் என்கிற மதுவுக்கு ஒன்று என்று அங்கே பல கேலன்கள் புழக்கத்தில் இருந்தன. 1707இல், ஆன் ராணி காலத்தில், ஒயின் கேலன் 231 கன அங்குலம் என்று சட்டமானது. அமெரிக்கா எடுத்துக்கொண்டது அதைத்தான். 1824இல் பிரிட்டன் பழையவற்றைத் தள்ளிவிட்டு, 62 டிகிரி பாரன்ஹீட்டில் 10 பவுண்டு தண்ணீர் பிடிக்கும் கொள்ளளவே கேலன் என்று புதிதாக வகுத்தது. அதற்குள் அமெரிக்கா தனி நாடாகிவிட்டதால் பழையதிலேயே நின்றுவிட்டது.

இன்று இரண்டுமே துல்லியமான எண்கள். ஓர் அங்குலம் சரியாக 2.54 செ.மீ. என்பதால் 231 கன அங்குலம் 3.785411784 லிட்டர். இம்பீரியல் கேலன் 4.54609 லிட்டர். இன்னொரு சிக்கலும் உண்டு: அமெரிக்கக் கேலனில் 128 திரவ அவுன்ஸ், இம்பீரியலில் 160. அதனால் கேலன் பெரிதாக இருக்கும் இடத்தில் அவுன்ஸ் சிறிது (28.4 மி.லி.), கேலன் சிறிதாக இருக்கும் இடத்தில் அவுன்ஸ் பெரிது (29.6 மி.லி.). பைன்ட்டிலும் (கேலனில் எட்டில் ஒரு பங்கு) இம்பீரியல் 568, அமெரிக்கா 473 மி.லி. என்று வித்தியாசம் உண்டு.

கேள்வி: கால்குலேட்டர் இல்லாமல் மனக்கணக்காகப் போட வழி சொல்லுங்கள் சார்.

அமெரிக்கக் கேலன் என்றால் 4ஆல் பெருக்கி, வந்ததில் 5 சதவீதம் கழியுங்கள். 12 கேலனுக்கு 48, அதில் 2.4 போக 45.6 லிட்டர். சரியான விடை 45.42. திருப்பிப் போட 4ஆல் வகுத்து 5 சதவீதம் கூட்டுங்கள்: 60 லிட்டருக்கு 15.75 கேலன் வரும், உண்மையில் 15.85.

இம்பீரியல் இதைவிடச் சுலபம். 4.5ஆல் பெருக்கி ஒரு சதவீதம் சேர்த்தால் 12 கேலனுக்கு 54.54 லிட்டர், உண்மை 54.55. லிட்டரைக் கேலனாக்க 0.22ஆல் பெருக்கினால் போதும். அந்த 0.22 கிட்டத்தட்ட அப்படியே சரியான எண்தான் (0.21997), திருத்தமே வேண்டாம்.

கேள்வி: துபாயில் இருக்கிறோம். தண்ணீர் பில்லில் 5,500 ஐ.ஜி. என்று போட்டிருக்கிறது. போனில் கேலனை லிட்டராக்கினால் 20,820 வருகிறது. கட்டட வாட்ச்மேன் 25 கன மீட்டர் என்கிறார். யார் சொல்வது சரி?

வாட்ச்மேன் சொல்வதுதான் சரி. ஐ.ஜி. என்பது இம்பீரியல் கேலன். 5,500ஐ 4.546ஆல் பெருக்கினால் 25,003 லிட்டர், அதாவது 25 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 220 இம்பீரியல் கேலன் என்று மனதில் வைத்துக்கொண்டால் பில்லை நொடியில் சரிபார்க்கலாம்.

உங்கள் வீட்டுக்கு வரும் குடிதண்ணீர் பாட்டிலில் '5 கேலன்' என்று எழுதியிருக்குமே, அது அமெரிக்கக் கேலன்: 18.9 லிட்டர். பில் ஒரு கேலனில், பாட்டில் இன்னொரு கேலனில். தண்ணீர்த் தொட்டி வாங்கும்போதும் இதைக் கேட்டுவிடுங்கள். 500 கேலன் தொட்டி என்றால் 1,893 லிட்டராகவும் இருக்கலாம், 2,273 லிட்டராகவும் இருக்கலாம். 380 லிட்டர் சின்ன வித்தியாசம் இல்லை.

கேள்வி: வீட்டு ஆர்ஓ மெஷினில் 75 ஜிபிடி மெம்பிரேன் என்கிறார்கள். அப்படியென்றால் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? எங்களுக்கு மணிக்கு 7 லிட்டர்தான் வருகிறது. மெம்பிரேனை மாற்றச் சொல்கிறார் சர்வீஸ்காரர்.

ஜிபிடி என்பது ஒரு நாளைக்கு இத்தனை கேலன் என்ற கணக்கு, அமெரிக்கக் கேலன். 75 ஜிபிடி என்றால் 24 மணி நேரத்தில் 284 லிட்டர், மணிக்கு 11.8 லிட்டர், நிமிடத்துக்கு 197 மி.லி.

ஆனால் அந்த 75 ஆய்வகத்தில் அளந்தது. பெரும்பாலான வீட்டு மெம்பிரேன்களுக்கு 50 பிஎஸ்ஐ அழுத்தம், 25 டிகிரி வெப்பம், 250 பிபிஎம் (லிட்டருக்கு 250 மி.கிராம்) உப்புள்ள தண்ணீர் என்று வைத்துச் சோதிப்பார்கள். உங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,500 பிபிஎம் இருந்தால் அந்த உப்பே சுமார் 15 பிஎஸ்ஐ அளவுக்கு எதிர்த்து நிற்கும் (100 பிபிஎம்முக்கு ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ). தண்ணீர் குளிர்ந்தாலும் வரத்து குறையும், டிகிரிக்குச் சுமார் 3 சதவீதம். மார்கழியில் மெஷின் மந்தமாவது இதனால்தான்.

ஆகவே மெம்பிரேனுக்குக் காசு கொடுக்கும் முன் இப்படிப் பாருங்கள். சேமிப்புத் தொட்டிக்குப் போகும் சுத்த நீர் குழாயைக் கழற்றி, ஓர் அளவுக் குவளையில் சரியாக ஒரு நிமிடம் பிடியுங்கள். கழிவுக் குழாயிலும் அதேபோல் பிடியுங்கள். கழிவு நீர் வரத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்ஆர் (ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர்) என்ற பாகத்தில் 450 என்று எழுதியிருந்தால், அது நிமிடத்துக்கு 450 மி.லி. கழிவு என்று பொருள். கழிவு 450க்கு அருகில் இருந்து சுத்த நீர் மட்டும் 110, 120 மி.லி.யாக இருந்தால் மெம்பிரேன் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே குறைந்திருந்தால் முதல் சந்தேகம் செடிமென்ட் ஃபில்டர் மீதும் பூஸ்டர் பம்ப் மீதும் விழ வேண்டும். கழிவு மட்டும் 800, 900 என்று கொட்டினால் எஃப்ஆர் போய்விட்டது. உள்ளே அழுத்தம் நிற்காமல் சுத்த நீரும் குறையும். அது மெம்பிரேனைவிட மிக மலிவான பாகம். மணிக்கு 7 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 117 மி.லி. டிடிஎஸ் 1,500, தண்ணீரும் குளிர்ந்தது, பம்ப் அழுத்தமும் குறைவு என்றால் நல்ல மெம்பிரேனே அவ்வளவுதான் கொடுக்கும்.

கேள்வி: லண்டனில் பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறேன். 45 எம்பிஜி (கேலனுக்கு 45 மைல்) தரும் என்கிறார் விற்பவர். நம்மூர்க் கணக்கில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

பிரிட்டனில் பெட்ரோலை லிட்டரில் போடுவார்கள், மைலேஜை மட்டும் கேலனில் சொல்வார்கள். அது இம்பீரியல் கேலன். 45ஐ 0.354ஆல் பெருக்குங்கள்: லிட்டருக்கு 15.9 கி.மீ. அதே 45ஐ அமெரிக்க விளம்பரத்தில் பார்த்தால் 0.425ஆல் பெருக்க வேண்டும், 19.1 வரும். ஐரோப்பிய முறையில் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று வேண்டுமானால் பெருக்காமல் வகுக்க வேண்டும்: பிரிட்டிஷ் எண்ணுக்கு 282.5ஐ 45ஆல் வகுத்தால் 6.3 லிட்டர், அமெரிக்க எண்ணுக்கு 235.2ஐ வகுக்க வேண்டும்.

யூடியூபில் அமெரிக்க மதிப்புரையையும் பிரிட்டிஷ் மதிப்புரையையும் பக்கத்தில் வைத்து 'இங்கிலாந்து வண்டிதான் மைலேஜ் அதிகம்' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. வண்டி ஒன்றுதான், கேலன்தான் வேறு.

கேள்வி: நியூ ஜெர்சியில் கேலன் 3.20 டாலர். சென்னை விலையோடு ஒப்பிட 3.785ஆல் பெருக்கினால் பயங்கரமாக வருகிறதே?

விலையை வகுக்க வேண்டும். அளவைப் பெருக்குகிறோம், ஓர் அளவின் விலையை வகுக்கிறோம். 3.20ஐ 3.785ஆல் வகுத்தால் லிட்டர் 0.845 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் சுமார் 72 ரூபாய்.

கேள்வி: அமெரிக்க விவசாயக் குறிப்பு ஒன்றில் வேப்பெண்ணெய் கேலனுக்கு 2 டேபிள்ஸ்பூன் என்று இருக்கிறது. என்னிடம் இருப்பது 10 லிட்டர் டேங்க்.

அமெரிக்க டேபிள்ஸ்பூன் 14.8 மி.லி., இரண்டு சேர்ந்தால் ஒரு திரவ அவுன்ஸ். அதாவது லிட்டருக்கு 7.8 மி.லி. 10 லிட்டர் டேங்குக்கு 78 மி.லி., 16 லிட்டர் டேங்குக்கு 125 மி.லி.

பழைய பிரிட்டிஷ் குறிப்பில் 'கேலனுக்கு ஒரு அவுன்ஸ்' என்று இருந்தால் கேலனும் அவுன்ஸும் சேர்ந்தே மாறும்: லிட்டருக்கு 6.25 மி.லி. அங்கே 7.8 ஊற்றினால் 25 சதவீதம் கூடுதல். வெயில் நேரத்தில் அடித்தால் இலை கருகும்.

கணக்கு சரியாக இருந்தாலும் மருந்து ஒன்றா என்று பாருங்கள். வெறும் வேப்பெண்ணெய் வேறு, கடையில் 1,500 பிபிஎம், 10,000 பிபிஎம் என்று விற்கும் அசாடிராக்டின் (வேம்பில் உள்ள பூச்சிக்கொல்லிச் சத்து) மருந்து வேறு. அதற்கு நம்மூர் லேபிளில் உள்ள அளவே அளவு. அமெரிக்கக் குறிப்பை அதன்மேல் ஏற்றாதீர்கள்.

கேள்வி: பண்ணை வீட்டு நீச்சல் குளம் 30 அடிக்கு 15 அடி, சராசரி ஆழம் நாலரை அடி. '10,000 கேலனுக்கு 2 அவுன்ஸ் குளோரின் போட்டால் 1 பிபிஎம் கூடும்' என்கிறார்கள். கிராமில் எவ்வளவு?

முதலில் கொள்ளளவு. 30 × 15 × 4.5 = 2,025 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 57,300 லிட்டர். அமெரிக்கக் கேலனில் கன அடிக்கு 7.48, ஆக சுமார் 15,150 கேலன். எனவே 3 அவுன்ஸ். இது தூள் என்பதால் எடை அவுன்ஸ், ஒன்றுக்கு 28.35 கிராம்: சுமார் 86 கிராம்.

கேலன் இல்லாமலே சரிபார்க்கலாம். 1 பிபிஎம் என்பது லிட்டருக்கு 1 மி.கிராம். 57,300 லிட்டருக்கு 57.3 கிராம் குளோரின். தூள் 65 சதவீத வீரியம் என்றால் 57.3ஐ 0.65ஆல் வகுக்க 88 கிராம். இரண்டும் பொருந்துகின்றன, கணக்கு சரி. நீங்கள் வாங்கியது 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 191 கிராம் வேண்டும். எந்தத் தூள் என்று பார்க்காமல் அமெரிக்க அட்டவணையை அப்படியே பின்பற்றினால் பாதிகூடப் போய்ச் சேராது.

கேள்வி: கேலன், லிட்டர் குழப்பத்தால் ஒரு விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து இறங்கியதாமே?

கனடாவில் 1983 ஜூலை 23இல் நடந்தது, ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம். ஆனால் அங்கே கேலன் வரவில்லை. லிட்டரை எடையாக்குவதில்தான் தவறு. தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர், தேவை 22,300 கிலோ. லிட்டருக்கு 0.8 கிலோ என்று போட வேண்டிய இடத்தில், லிட்டருக்கு 1.77 பவுண்டு என்ற எண்ணை எடுத்து விடையைக் கிலோ என்று நினைத்துக்கொண்டார்கள். 20,000 லிட்டருக்குமேல் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,916 லிட்டர்தான் போனது. தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு கிளம்பி, இரண்டு இன்ஜினும் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தள ஓடுபாதையில் மிதந்து இறங்கியது. யாரும் உயிரிழக்கவில்லை.

கேள்வி: எக்செல்லில் கேலன் போட்டால் எதை எடுத்துக்கொள்ளும்? கச்சா எண்ணெய் பேரலையும் சொல்லிவிடுங்கள்.

எக்செல்லின் கன்வெர்ட் சூத்திரத்தில் வெறும் கேலன் குறியீடு அமெரிக்கக் கேலன். இம்பீரியலுக்கு முன்னால் யூகே சேர்த்த தனிக் குறியீடு இருக்கிறது. கூகுளும் வெறுமனே கேலன் என்று கேட்டால் அமெரிக்கக் கேலனையே எடுக்கும். பேரல் 42 அமெரிக்கக் கேலன், 159 லிட்டர். இம்பீரியலில் 35க்கு ஒரு மயிரிழை குறைவு.