'படம் எடுக்கவா இவ்வளவு படிக்க வைத்தோம்?'

அன்புச் சகோதரிக்கு,

வலிப்பு உள்ள மாமா மகனுக்கு மூளையில் பெட் ஸ்கேன் (மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரை எடுத்துக்கொள்கிறது என்று காட்டும் படம்) எடுத்த நாளிலிருந்து உங்கள் மகள் "இந்த வேலைதான் எனக்கு" என்கிறாள். அவள் அப்பாவோ "படம் எடுக்கவா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்கிறார். நடுவில் நீங்கள். சரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு வேலை இல்லை, நாலைந்து வேலை. அவளுக்குப் பிடித்தது எது என்று தெரியாமல் வீட்டில் வாக்குவாதம் செய்து பயனில்லை.

பொருத்தமான இரண்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்காவிட்டால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்பார்கள். வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த நிலை. அவர்களில் சிலருக்கு வலிப்பு கிளம்பும் இடத்தை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். அந்த இடம் எம்ஆர்ஐயில் பிடிபடாதபோது பெட் ஸ்கேன் கைகொடுக்கும். அதற்கு ஊசியில் ஏற்றும் எஃப்டிஜி என்பது குளுக்கோஸைப் போன்ற பொருள். அதில் கதிரியக்க ஃபுளோரின்-18 இருக்கும். வலிப்பு வராத நேரத்தில் கோளாறான பகுதி அதைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். படத்தில் மங்கித் தெரியும்.

ஊசி போட்ட பிறகு வரும் அரை மணி நேரம்தான் முக்கியம். அறையில் வெளிச்சம் குறைவு, பேச்சு கிடையாது, கைப்பேசி கிடையாது. பையன் எதையாவது பார்த்தால் பார்வைக்கான பகுதியும், கேட்டால் கேட்கும் பகுதியும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தலையில், மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இஇஜி வயர்கள் வேறு. அந்த நேரத்தில் ஒரு சின்ன வலிப்பு வந்தாலும், மங்கித் தெரிய வேண்டிய இடம் பளிச்சென்று தெரிந்து டாக்டரையே ஏமாற்றிவிடலாம். அதனால் பையன் உதட்டைச் சப்பினானா, ஒரு கை மட்டும் விறைத்ததா, அப்போது மணி என்ன என்று கவனித்து எழுதிவைக்க ஆள் வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் 'படம் எடுக்கும்' வேலையில் இதுவும் சேர்ந்ததுதான். நல்ல மதிப்பெண் வாங்கும் எல்லாருக்கும் இந்தப் பொறுமை இருப்பதில்லை.

இதற்கு இங்கே சிங்கப்பூரில் நேர்வழி, எஸ்ஐடியின் (சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம்) டயக்னோஸ்டிக் ரேடியோகிராஃபி, அதாவது மருத்துவப் படமெடுப்புப் பட்டப்படிப்பு. வளாகம் இப்போது பொங்கோலில்.

படத்தைப் படித்து முடிவு சொல்லத்தான் அவளுக்கு ஆசை என்றால், மருத்துவம் படித்தாக வேண்டும். என்யுஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) ஐந்து ஆண்டு, அப்புறம் நிபுணத்துவப் பயிற்சி என்று பல ஆண்டுகள். அதுவும் லேசான வேலை இல்லை. மங்கும் பகுதி பெரும்பாலும் வலிப்பு கிளம்பும் இடத்தைவிடப் பெரிதாகவே தெரியும். எனவே வீடியோ இஇஜி, எம்ஆர்ஐ, நினைவாற்றல் சோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரு குழுவே பேசித்தான் முடிவெடுக்கும். உயிரியல் எடுக்காமல் இயற்பியல் எடுத்துவிட்டாளே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். என்யுஎஸ் மருத்துவத்துக்கு ஏ நிலைத் தேர்வில் எச்2 நிலை வேதியியலோடு உயிரியல் அல்லது இயற்பியல் இருந்தால் போதும். வேதியியலை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

வேதியியலே பிடிக்கும் என்றால் அதற்கும் இடமுண்டு. ஃபுளோரின்-18 ஏறத்தாழ 110 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். 1976ல் முதன்முதலில் மனிதருக்கு எஃப்டிஜி கொடுத்தபோது, நியூயார்க் பக்கம் புரூக்ஹேவனில் தயாரித்து விமானத்தில் பிலடெல்பியாவுக்கு அனுப்பினார்கள். இன்றும் அதைத் தயாரிப்பவர்களுக்குக் கடிகாரத்தோடு ஓட்டம்தான். மருந்தியல், வேதியியல் படித்தவர்கள் இந்தப் பக்கம் வரலாம். இயற்பியல் வழியாக மருத்துவ இயற்பியலாளர் ஆகலாம். அதற்குப் பெரும்பாலும் முதுகலையும் தேவைப்படும்.

கதிர்வீச்சைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அதற்காகக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. ஊழியர்கள் கதிர்வீச்சு அளவுமானி அணிகிறார்கள். ஊசிக்குக் கனமான உலோக உறை உண்டு. ஊசி போட்டுக்கொண்ட நோயாளியின் பக்கத்தில் தேவைக்கு மேல் நிற்பதில்லை. ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது ஊழியர்களுக்கு உலக அளவில் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு. கர்ப்பமானால் உடனே சொல்லிவிட வேண்டும், வேலையை மாற்றித் தருவார்கள்.

இன்று இரவு மகளிடம் "அன்றைக்கு நீ யாரை அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று கேளுங்கள். பையனையா, திரையையா, ஊசியையா? என்ன பதில் வருகிறதோ அதை எனக்கு எழுதுங்கள். எஸ்ஐடி திறந்த இல்லத்துக்குப் போகும்போது அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். உபகாரச் சம்பளத்தைப் பற்றி விசாரித்தால், படித்து முடித்தபின் எத்தனை ஆண்டு அவர்களிடம் வேலை பார்க்க வேண்டிய பிணைப்பு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.